பூலாம்பாடியில் இல்லாத துக்க வீடு

நான் ஒருவரைக் கொன்றிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணி டீக்கும் நடுவில், ஓர் அஞ்சலட்டையில், நீல மைப் பேனாவால் கொன்றேன். செத்தவர் பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியைச் சேர்ந்த வானொலி நேயர். அவர் பிறந்ததும் என் மேசையில்தான். அதனால் இது போலீஸ் வரைக்கும் போகவில்லை. போயிருந்தால் ஒரு வக்கீலை வைத்துச் சமாளித்திருப்பேன்.

ஒரு தனியார் வானொலியில் இருபது வருடம் போல வேலை பார்த்தேன். நிகழ்ச்சி உதவியாளனாகச் சேர்ந்து, நிகழ்ச்சிப் பொறுப்பாளனாகி, கடைசியில் சென்னைத் தலைமை அலுவலகத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். மரியாதைக்காகத்தான் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் தூங்குகிறேனா என்று பார்க்கத்தான் வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

என் வியாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், எனக்குப் பொய் வரும். அதுவும் சும்மா வராது, விவரங்களோடு வரும். பள்ளிக்கூடத்துக்கு ஏன் தாமதம் என்று வாத்தியார் கேட்டால், பஸ் பஞ்சர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்த மாட்டேன். கழற்றிப் போட்ட டயரை ஒரு வெள்ளாடு வந்து முகர்ந்து பார்த்துத் தும்மியது வரைக்கும் சொல்வேன். அந்தத் தும்மலில்தான் வாத்தியார் நம்புவார். பிற்காலத்தில் இதையே ‘நுணுக்கமான சித்திரிப்பு’ என்று சிலர் எழுதினார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன்.

பூலாம்பாடிக்காரர் பிறந்த கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நேயர் கடிதங்களை வாசிக்கும் அரைமணி நேரம் என் பொறுப்பு. எந்தெந்த மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது என்று திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். சென்னைக்குப் போகும் முன் நான் இருந்த கிளை நிலையத்தின் கோபுரத்திலிருந்து கிளம்பும் ஒலி பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய்ச் சேரும்போது பாதி இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சியிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் எழுதுவார். பெருமாள் கோயில் வாசலில் தேங்காய், துளசி, கற்பூரம் வைத்து அர்ச்சனைத் தட்டு விற்பவர். அரியலூர் மாவட்டத்துக்கு அவர் ஒருவர். பெரம்பலூருக்கு ஆளே இல்லை.

நான் பெரம்பலூர்க்காரன். மேலதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: “என்னய்யா, உங்க ஊர்லயே உன்னை ஒருத்தனும் கேக்கலியா?”

அடுத்த வாரமே பூலாம்பாடியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நான் எழுதி, நானே தபால் கட்டுக்குள் செருகியது.

பூலாம்பாடியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. ஒரு தடவை என் பஸ் அங்கே நின்றுபோய், ரோட்டில் மக்காச்சோளம் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பஸ் நிஜமாகவே பஞ்சர். ஆடுதான் வரவில்லை.

வானொலியில் நேயர்களை ஊரைச் சொல்லியே பேசிப் பழகிவிடும். அப்படி இருவரும் பூலாம்பாடிக்காரர், கல்லங்குறிச்சிக்காரர் ஆனார்கள். என் பூலாம்பாடிக்காரருக்கு இரண்டு ஏக்கர், சின்ன வெங்காயத்தைக் காற்றாடச் சேமித்து வைக்கும் பட்டறை, பாட்டு என்றாலே ஆகாத மனைவி, நிகழ்ச்சி ஆரம்பிக்கும் இசையைக் கேட்டால் மட்டும் காதைத் திருப்பும் ஒரு வெள்ளாடு. ஆடு ஒருவழியாக வந்து சேர்ந்தது. கடிதங்களை வாசிக்கும் அறிவிப்பாளருக்கு விஷயம் தெரியாது. அந்தம்மா ஒருநாள் கேட்டார்: “சார், இந்தப் பூலாம்பாடிக்காரரு எவ்ளோ நல்லா எழுதறாரு! நம்ம ஸ்கிரிப்டையும் அவரையே எழுதச் சொல்லலாமே. நீங்க எழுதறது ரொம்ப வறட்டுன்னு இருக்கு.”

எனக்கு நானே பொறாமைப்பட்ட நாள் அது.

கல்லங்குறிச்சிக்காரர் தன் கடிதங்களில் பூலாம்பாடிக்காரரை விசாரிக்க ஆரம்பித்தார். ஆடு குட்டி போட்டதா, வெங்காயம் அழுகாமல் தப்பியதா? பூலாம்பாடிக்காரர் பதில் சொன்னார். இரண்டு வருடம் இப்படி ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு ஊர்க்காரர்கள் என் நிலையத்தின் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அதில் ஒருவர் நான் என்பதுகூடச் சில வாரம் மறந்துவிடும்.

பிறகு ஒரு வாரம் கல்லங்குறிச்சியிலிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது. மனைவி இறந்துவிட்டார் என்று ஒரு வரி. “அவள் செருப்பு வாசலில் கிடக்கிறது, எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை, பூலாம்பாடிக்காரரிடம் கேட்டுச் சொல்லவும்” என்று இன்னொரு வரி.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பூலாம்பாடிக்காரர் எழுதினார்: “செருப்பை எடுக்காதீர்கள். கிடக்கட்டும். வாசல் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குங்கள். ஒருநாள் உங்களை அறியாமல் அதை நகர்த்திவிட்டுப் பெருக்குவீர்கள். அன்றைக்கு எடுத்து உள்ளே வையுங்கள்.”

அதை எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அது அவருக்காக இல்லை, எழுத்து நன்றாக வந்துவிட்டதே என்று. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதிலேயே கேவலமானது இதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, இன்னும் இருக்கிறது.

சில மாதம் கழித்துக் கல்லங்குறிச்சி அட்டை: “வருகிற புதன்கிழமை பூலாம்பாடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அப்படியே நண்பரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவர் தெருவை மட்டும் சொல்லவும்.”

அட்டையைத் தபால் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தேன். வராந்தாவில் இரண்டு நடை நடந்தேன். வேலை போய்விடும், ஊரில் சிரிப்பார்கள், மேலதிகாரி அந்தக் கேள்வியை இன்னும் மோசமாகக் கேட்பார். திரும்பி வந்து பேனாவை எடுத்தபோது, பூலாம்பாடிக்காரரின் மகன் எழுதுவதாக ஓர் அட்டை உருவானது. “என் தந்தை சென்ற வாரம் மாரடைப்பால் காலமானார். கடைசியாக அவர் கேட்டது உங்கள் நிலையத்தைத்தான்.” அதோடு நிறுத்தினேனா? அன்றைக்கு நிகழ்ச்சி இசைக்கு ஆடு காதைத் திருப்பவில்லை என்றும் சேர்த்தேன்.

அறிவிப்பாளர் அதை வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுதார். பார்க்கச் சகிக்காமல் உண்மையைச் சொன்னேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், எதுக்கு சார் சாவடிச்சீங்க? பம்பாயில மவன் வூட்டுக்குப் போயிட்டாருன்னு எழுதியிருக்கலாமே!”

அது எனக்குத் தோன்றவேயில்லை. ரயில் செலவோடு முடிந்திருக்க வேண்டியதைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

இன்னொன்றும் தோன்றவில்லை. அது எங்கள் பக்கத்தில் பிறந்தவன் மறக்கவே கூடாதது. இங்கே ஒரு வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் யாரும் அழைக்க வேண்டியதில்லை, ஆள் வரும். சண்டைக்காரன்கூட வருவான். வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போவான். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. ஒருவர் வந்துவிடக் கூடாது என்று பயந்து, அவர் வந்தே தீர வேண்டிய ஒரு காரணத்தை நான் வானொலியில் அறிவித்திருந்தேன்.

ஆனால் கல்லங்குறிச்சியிலிருந்து அதன்பிறகு கடிதமே வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மற்ற ஊர்களிலிருந்து வந்த இரங்கல் கடிதங்கள் மேசை நிறைந்து கிடந்தன. மேலதிகாரி அதைப் பார்த்து மனம் உருகினார். “நேயர்களை இப்படிக் கட்டிப்போட்டு வச்சிருக்கியேய்யா!” என்றார். என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. பூலாம்பாடிக்காரர் செத்துத்தான் எனக்குக் கண்ணாடி அறை கிடைத்தது.

வருடங்கள் போயின. கடிதம் போய்க் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் கம்பெனி கைமாறி, கண்ணாடி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரம்பலூருக்கே திரும்பினேன். சும்மா இருக்க முடியாமல் கதை எழுதினேன். ஒரு தொகுப்பு வந்தது. அதில் மனைவியை இழந்தவன் வாசலில் கிடக்கும் செருப்பைச் சுற்றிப் பெருக்குகிற கதை இருந்தது. அதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். எழுதக் கற்றது எங்கே என்று கேட்டால், “என் நேயர்களிடம்” என்பேன். கை தட்டுவார்கள். தட்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன வருடம் அரியலூரில் ஒரு வாசகர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் போய்ச் சேர்ந்தது. முப்பது பேர் இருப்பார்கள். அறிமுகம் செய்தவர், “நேயர்களின் நாடித் துடிப்பை அறிந்தவர்” என்றார். என் நாடி அப்போது சாதாரணமாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்து, டீயும் முறுக்குமாக நின்றிருந்தபோது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். கையில் மஞ்சப்பை.

“சார், நான் கல்லங்குறிச்சி.”

ஊர்ப்பெயர் போதும். கடித்த முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

“ஐயா! நீங்களா! வாங்க, வாங்க. எவ்வளவு வருசமாச்சு!”

“உங்க புஸ்தகத்தை லைப்ரரியில எடுத்துப் படிச்சேன். ரெண்டு தடவ.”

“ரொம்ப சந்தோசங்க.”

“சந்தோசப்படாதீங்க. அந்தச் செருப்புக் கதை உங்களுது இல்ல.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. கடையில் தேங்காய் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

“எங்க வூட்டுக்காரி தவறினப்ப பூலாம்பாடிக்காரரு எனக்கு எழுதினது அது. வார்த்தை மாறாம போட்டிருக்கீங்க. ஸ்டேஷனுக்கு வந்த கடுதாசிய எடுத்து வச்சுக்கிட்டு, உங்க கதைன்னு போட்டுட்டீங்க. செத்தவரு எந்திரிச்சு வந்து கேக்கவா போறாருன்னு நெனச்சீங்களா? அவரு வரமாட்டாரு. அதான் நான் வந்தேன்.”

நான் திருடன் இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதைச் சொன்னால் திருடன் என்பதே எவ்வளவோ மரியாதையான பட்டமாகிவிடும். அந்த நிமிடம் என் பழைய வியாதி வந்தது.

“ஆமாங்கய்யா. எடுத்துட்டேன். தப்புதான்” என்றேன்.

என் வாழ்க்கையில் கேட்ட உடனே ஒப்புக்கொண்ட ஒரே குற்றம் அது. அது நான் செய்யாத குற்றம்.

அவர் முகம் இளகிவிட்டது. அதுதான் தாங்கவில்லை. “சரி, ஒத்துக்கிட்டீங்கல்ல. பெரிய மனுசன்தான்” என்று என் கையைத் தொட்டார். மஞ்சப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். “அவரு கடுதாசி வாசிக்கறப்பல்லாம் காதுல வாங்கி எழுதி வச்சது. அவரு வூட்டுல சேக்கணும்னு வச்சிருக்கேன். எனக்கு விலாசம் தெரியல. ஸ்டேஷன்ல இருந்தீங்க, நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. அவரு மவன்கிட்டக் குடுங்க. அப்படியே, அடுத்த தடவ புஸ்தகம் போட்டா அந்தக் கதையில அவரு ஊரைச் சொல்லி, அவரு எழுதினதுன்னு போடுங்க. அது ஒண்ணுதான் நான் கேக்குறது.”

“கண்டிப்பாங்க” என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும்.

மறுநாள் மதியம் வீட்டில் அதைப் படித்தேன். என் பொய்கள் எல்லாம் ஒரு வாரம் விடாமல், சீரான கையெழுத்தில். இரைச்சலில் கேட்காமல் போன இடங்களில் புள்ளி வைத்திருந்தார், தானாக எதையும் நிரப்பவில்லை. இட்டு நிரப்பாமல் விடுவது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியது இருந்தது. காதுகுத்துக்கு முதல் நாளே மாலை வாங்கிக்கொண்டு பூலாம்பாடிக்குப் போயிருக்கிறார். பஸ் நிற்கிற இடத்தில் கேட்டார், தெரியாது என்றார்கள். டீக்கடைகளில் கேட்டார். ஆடு வளர்க்கிறவர், ரேடியோ கேட்கிறவர், போன வாரம் தவறியவர் என்று அடையாளம் சொன்னார். தெருத்தெருவாக நடந்தார். தபால் ஆபீசில், அந்த ஊரிலிருந்து வாராவாரம் வானொலிக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லையே என்றார்கள். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

“தபால்காரர் புதிது போலிருக்கிறது. மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போயிருப்பான். மாலை வாடிவிட்டது. அவர் கடிதம் போட்ட பெட்டிக்குப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். இனி எழுத மனம் இல்லை.”

பூலாம்பாடித் தபால் பெட்டிக்கு ஒருவர் மாலை போட்டிருக்கிறார். ஊரே பார்த்திருக்கும். அவரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நான் அந்த வாரம் இரங்கல் கடிதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருந்தினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த பத்து நாள் நான் யோசித்ததெல்லாம் வேறு. நோட்டைப் பரணில் போட்டுவிட்டால்? தபாலில் தொலைந்தது என்றால்? கடைசியில் ஒரு யோசனை பிரமாதமாக வந்தது. நடந்ததையெல்லாம் ஏற்கனவே கேட்டு, நோட்டையும் படித்திருந்த மனைவியிடம் சொன்னேன்.

“பூலாம்பாடியில நமக்குத் தெரிஞ்ச உரக்கடைக்காரரு ஒருத்தர் இருக்காரே. அவரை மகன்னு சொல்லி போன்ல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா என்ன?”

மனைவி துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். “ஏங்க, அப்பனைச் சாவடிச்சது பத்தாதா? இப்பப் புள்ளை வேற பெக்கணுமா?”

“அவருக்கு ஒரு நிம்மதி கெடைக்குமேன்னுதான்…”

“யாருக்கு நிம்மதி? அந்த மனுசன் ஊரு முழுக்க மாலையோட அலைஞ்சிருக்காரு. நீங்க ஒரு பஸ் ஏறிக் கல்லங்குறிச்சிக்குப் போக மாட்டீங்களா?”

ஏறினேன். அரியலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்தேன். சாதாரண வார நாள், கோயிலில் கூட்டம் இல்லை. அவர் கடையில் துளசிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மரப்பலகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, இப்போது இரைச்சல் இல்லாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க சார், வாங்க! கண்டுபிடிச்சிட்டீங்களா? மவன் எங்க இருக்கானாம்?”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முன்னுரை ஒன்று இருந்தது. மேலதிகாரி, பட்டியல், என் இளமை, எல்லாம் அதில் வரும். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பொய்தான் எனக்குச் சரளமாக வரும்.

“மகன் இல்லைங்கய்யா. அவரும் இல்லை. பூலாம்பாடியில அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்.”

அவர் ரேடியோவை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து தட்டு கேட்டது. தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுத்து, வெற்றிலை வைத்து, கற்பூரம் வைத்துக் கொடுத்தார். “செருப்பை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா, பாத்துக்கறேன்” என்றார். அவர்கள் போன பிறகு கேட்டார்.

“ஆடு?”

“அதுவும் இல்லைங்க.”

“எங்க வூட்டுக்காரி தவறினப்ப எழுதினது?”

“நான்தாங்க.”

“எங்க ஒக்காந்து எழுதினீங்க?”

“ஸ்டேஷன்ல. மத்தியானம்… சாப்பிட்டு வந்து.”

“சாப்பிட்டு வந்து” என்று ஒரு தடவை அவரே சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நீங்க சொன்ன மாதிரியேதான் சார் பெருக்கினேன். நாப்பது நாளுக்கு மேல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், பாதி கழியும். அவர் கையை நீட்டினார். “நோட்டைக் கொண்டாங்க.”

கொடுத்தேன். அட்டையைத் துண்டால் துடைத்துவிட்டு, கல்லாப் பெட்டிக்குப் பின்னால் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தார்.

“இது உங்களுக்கு வேணாம். இது அவரோடது.”

“சரிங்கய்யா.”

“அடுத்த புஸ்தகத்துல போடறேன்னீங்களே, அதைப் போடுங்க.”

“அய்யா, அப்படி ஒரு ஆளே இல்லையேங்க…”

“உங்களுக்கு இல்ல. எனக்கு இருந்தாரு. பூலாம்பாடிக்காரரு எழுதினதுன்னு போடுங்க. உங்க பேரு அந்தக் கதைக்குக் கீழ வேணாம்.”

தலையாட்டினேன். அவர் மறுபடி துளசிக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார். ஸ்டூல் காலியாகவே இருந்தது. டவுன் பஸ் திரும்பி வரும் சத்தம் கேட்டது. இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. “அப்ப நான் போயிட்டு…”

அவர் நிமிராமல் ஈரக் கையைத் தூக்கினார்.

“சொல்லாதீங்க. அப்படியே போங்க.”

நான் திரும்பி நடந்தேன்.